பாலாற்றங்கரையில் ஒரு வீரசபை: கற்பனை உலகத்துக்குப் படை கட்டுபவர்களுக்கு

கற்பனை உலகம் எழுத வருகிற புதியவர்களில் பெரும்பாலோர் வாளிலிருந்து தொடங்குகிறார்கள். பளபளக்கும் கவசம், வெள்ளைக் குதிரை, மண்டியிட்ட இளைஞனின் தோளைத் தொடும் அரசனின் வாள். மூன்றாம் அத்தியாயத்தில் கதை நின்றுபோகிறது. அந்த வீரன் காலையில் என்ன சாப்பிட்டான், குதிரைக்குக் கொள்ளு எந்த நிலத்தில் விளைந்தது, யாருக்காக அவன் சாகப்போகிறான் என்பதெல்லாம் எழுதுகிறவருக்கே தெரியாததுதான் காரணம்.

நாவல், சிறுகதை எழுதுபவர்களுக்கும், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை விளையாடுபவர்களுக்கும், சத்தியம் ஏற்ற வீரர்களின் சபை ஒன்றைத் தங்கள் உலகத்துக்குக் கட்ட இந்த வழிகாட்டி பயன்படும். களம் பழைய வட ஆற்காடு: இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்கள். படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். வாள் வருவதற்கு நேரமாகும்.

முதல் படி: சத்தியத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

யாருக்கு, எதற்காக, எதுவரை, மீறினால் என்ன. இந்த நான்குக்கும் பதில் இல்லாத சபை வெறும் சீருடைக் கூட்டம்.

ஐரோப்பிய நைட்டுகளின், அதாவது பட்டம் பெற்ற குதிரை வீரர்களின், சபைகளிலேயே இரண்டு வகை உண்டு. புதியவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். ஒன்று வேலைக்காக எழுந்த சபை. ஜெருசலேமில் நோயுற்ற யாத்திரிகர்களைக் கவனித்த மருத்துவ இல்லத்திலிருந்து வளர்ந்தது ஹாஸ்பிட்டலர் சபை. போப்பாண்டவர் அதை ஏற்றது 1113இல். யாத்திரை வழியைக் காக்க 1119 வாக்கில் தோன்றியது டெம்ப்ளர் சபை. மற்றது அரசனின் கௌரவத்துக்காக அவனைச் சுற்றி அமைந்த சபை. இங்கிலாந்தின் கார்ட்டர் சபை (1348), பர்கண்டியின் தங்க ஆட்டுத்தோல் சபை (1430) இந்த வகை. முதல் வகைக்கு நிலமும் களஞ்சியமும் வேண்டும். இரண்டாவதற்கு அரண்மனையும் அழைப்பிதழும் போதும். உங்களுடையது எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். முதல் கதைக்கு வேலை செய்கிற சபையே நல்லது, அதற்கு அன்றாடம் ஏதாவது நடந்துகொண்டிருக்கும்.

நம் பக்கத்திலேயே இதற்கு வலுவான முன்மாதிரி இருக்கிறது. சோழர் படையில் வேளைக்காரர் இருந்தார்கள். தலைவனுக்கு ஆபத்து வரும் வேளையில் உயிரைக் கொடுப்பதாகச் சபதம் ஏற்றவர்கள். பாண்டியனுக்கு ஆபத்துதவிகள். இலங்கையில் முதலாம் விஜயபாகுவிடம் வேளைக்காரப் படை ஒன்று பணிசெய்தது. சோழர்மேல் படையெடுக்கச் சொன்னபோது அது மறுத்துக் கலகம் செய்தது. பின்னாளில் பொலன்னறுவையில் புத்தரின் பல் இருந்த கோயிலைக் காப்பதாகக் கல்லில் சபதம் பொறித்ததும் வேளைக்காரர்தான். சோறு போட்டவன் ஒரு பக்கம், பிறந்த மண் மறு பக்கம். இப்படி இரண்டு கடன்கள் மோதும் இடத்தில்தான் உங்கள் கதை இருக்கிறது. சத்தியத்தை எழுதியவுடனே அதற்கு எதிராக நிற்கும் இன்னொரு கடனையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரு மாதிரி சபையை வைத்துக்கொள்வோம். பெயர் கரைக்காவலர். சத்தியம் இது: “ஏரிக்கரை உடையாமல் காப்பேன், உடைந்தால் உடைப்பில் முதலில் என் உடம்பை வைப்பேன்.” எதிர்க்கடன்: கணவாயில் எதிரி தெரிந்தால் அரசன் அழைக்கும் இடத்துக்கு இரவோடிரவாகப் போக வேண்டும். மழையும் எதிரியும் ஒரே இரவில் வந்தால் என்ன செய்வார்கள்? உங்களுக்கே பதில் தெரியவில்லையென்றால் சத்தியம் சரியாக அமைந்துவிட்டது.

இரண்டாம் படி: நிலம்

வேலூரைப் பற்றி ஊரிலேயே ஒரு பழைய பேச்சு உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில் என்று பட்டியல் நீளும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் 1981இல் லிங்கம் மீண்டும் வைக்கப்பட்டதோடு சாமி இல்லாத குறை தீர்ந்தது. உலகம் கட்டுபவர்களுக்கு இந்தப் பேச்சு பெரிய உதவி. ஒரு நிலத்தில் எது இல்லையோ அதைச் சுற்றித்தான் சடங்கும் சண்டையும் சத்தியமும் முளைக்கும்.

வரைபடத்தில் நான்கு விஷயங்களைக் குறியுங்கள். ஒன்று, பாலாறு. ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். தண்ணீர் அடியில் ஓடும். ஊற்றுக்கால் தோண்டி எடுப்பார்கள். ஆனால் வந்தால் ஒரேயடியாக வரும். 1903 நவம்பரில் வாணியம்பாடியை வாரிக்கொண்டு போன வெள்ளம் இந்த வறண்ட ஆற்றில் வந்ததுதான். இரண்டு, பள்ளத்தாக்கு. மைசூர்ப் பீடபூமியிலிருந்து சமவெளிக்கு இறங்குகிற வழி ஜவ்வாது மலைக்கும் வடக்குப் பக்கத்து மலைகளுக்கும் நடுவே ஆம்பூர் வழியாக வருகிறது. 1749இல் ஆற்காட்டு நவாப் அன்வாருதீன்கான் போரில் மாண்டது அந்த ஆம்பூரில்தான். மூன்று, ஏரிகள். காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது. இத்தகைய ஏரியின் கரை, தண்ணீர் திறந்துவிடும் மதகு, மிகுந்த நீர் வழிந்தோடும் கலிங்கு மூன்றையும் தனித்தனியாக வரையுங்கள். நான்கு, குன்றுகள். வேலூர்க் கோட்டை அகழியோடு தரையில் இருக்கிறது, கிழக்கே குன்றுகளின்மேல் சஜ்ஜாரா, குஜ்ஜாரா, முர்தஜா என்று மூன்று கோட்டைகள். குன்றைப் பிடித்தவன் கீழ்க்கோட்டைக்குள் பார்த்து அடிக்கலாம். அதனால் சபையின் இளைஞர்கள் மேலே, களஞ்சியமும் முதியவர்களும் கீழே. மேலே தண்ணீர் கிடையாது, கீழே பார்வை கிடையாது. இந்த ஒரு பிரிவினையே இரண்டு தலைமுறைக்குப் போதுமான பகையைத் தரும்.

மாயத்துக்கு ஒன்றே ஒன்றை அனுமதியுங்கள், அதுவும் இந்த நிலத்திலிருந்து வரட்டும். நம் மாதிரியில், மணலுக்கடியில் ஓடும் ஆறு கேட்ட சத்தியத்தை மறப்பதில்லை. சத்தியம் தவறியவன் எங்கே தோண்டினாலும் ஊற்று வராது. அவன் கூடவே இருக்கும் குதிரையும் பிள்ளைகளும் தாகத்தில் கிடக்கும். நெருப்பு கக்கும் வாளைவிட இது கொடுமையானது. கூடவே விதியையும் எழுதிவிட வேண்டும்: எத்தனை நாள்? பிராயச்சித்தம் உண்டா? வேறொருவர் தோண்டிக் கொடுத்தால் குடிக்கலாமா? விதி இல்லாத மாயம் கதாசிரியரின் வசதிக்கு வளையும். வாசகர் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்.

மூன்றாம் படி: கணக்கு

பலரும் தாண்டிப் போகிற படி. தாண்டாதீர்கள். சபையின் அளவு, அதிகாரம், எதிரிகள் எல்லாம் இங்கிருந்துதான் வரும்.

குதிரை வீரர் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். சவாரிக் குதிரை 40, மாற்றுக் குதிரை 20, ஆக 60. (டெம்ப்ளர் விதிப்படி ஒரு நைட்டுக்கு மூன்று குதிரைகள்வரை உண்டு. இந்த வறண்ட நிலத்துக்கு அது கட்டாது.) சாணி அள்ளுபவர், லாடம் கட்டுபவர், சமைப்பவர், தோல் தைப்பவர் என்று உடனிருப்பவர் 80. மொத்தம் 120 வாய்.

ஒரு குதிரைக்கு நாளுக்குக் கொள்ளு 3 கிலோ, புல்லும் வைக்கோலும் 6 கிலோ, வெயில் காலத்தில் தண்ணீர் 40 லிட்டர். அறுபது குதிரைக்கு நாளொன்றுக்கு 180 கிலோ கொள்ளு, 2,400 லிட்டர் தண்ணீர்; பதினைந்து லிட்டர் குடத்தில் 160 குடம். ஆண்டுக்குக் கொள்ளு மட்டும் 65,700 கிலோ, 75 கிலோ மூட்டையில் 876 மூட்டை. மானாவாரியில் ஏக்கருக்கு 200 கிலோ விளைவதாக வைத்தால் 330 ஏக்கர் நிலம் குதிரைக்கே போய்விடும். ஆட்களுக்குத் தலைக்கு 600 கிராம் கேழ்வரகு. ஆண்டுக்கு ஏறத்தாழ 350 மூட்டை.

இனி கேள்வி எழும்: இந்த 330 ஏக்கரை உழுவது யார்? அவர்கள் பிள்ளைகளுக்குச் சபையில் இடம் உண்டா? மழை பொய்த்த ஆண்டில் முதலில் யாருக்குக் கஞ்சி? கல்வெட்டுகளில் பாடிகாவல் என்றொரு வரி வருகிறது, ஊர்க்காவலுக்காக மக்கள் கொடுப்பது. உங்கள் சபைக்கும் அப்படி ஒன்று வையுங்கள். வாங்குகிறவர் முகத்தையும் கொடுக்கிறவர் முகத்தையும் எழுதுங்கள். காவலுக்கு வந்தவனே களவுக்கு வழிவிட்டான் என்ற புகார் ஒருநாள் வரத்தான் செய்யும்.

குதிரையைப் பற்றி மூன்று தகவல்கள் கைவசம் இருக்கட்டும். கொள்ளை ஊறவைத்து வேகவைத்து ஆறியபின் கொடுக்க வேண்டும். அவசரத்தில் அள்ளிக் கொட்டினால் வயிறு உப்பி வலி வரும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, அதனால் அந்த வலி உயிரையே கொண்டுபோகலாம். மூன்றாவது, தூரம். நல்ல நிலையில் உள்ள குதிரை ஒரு நாளில் 40–50 கிலோமீட்டர் போகும்; வேலூரிலிருந்து ஆம்பூர் ஏறத்தாழ அவ்வளவு. சாமான் ஏற்றிய மாட்டுவண்டி அதில் பாதி தூரமே போகும். “இரவோடிரவாக வாணியம்பாடி போய்ச் சண்டையிட்டுத் திரும்பினான்” என்று எழுதினால் அந்தக் குதிரை செத்திருக்கும்.

நான்காம் படி: உள்ளே வரும் வழி

ஐரோப்பாவில் ஏழு வயதில் ஏவலாள், பதினான்கில் நைட்டின் உதவியாளன், இருபத்தொன்றையொட்டி நைட் என்பது பொதுவான வரிசை. இந்த மூன்று படிகளை எடுத்துக்கொள்ளலாம், வயதையும் வேலையையும் இங்கிருந்து வையுங்கள். ஏழிலிருந்து பதினொன்றுவரை குதிரைப்பந்தியில்: சாணி, தண்ணீர், கொள்ளு அடுப்பு. பன்னிரண்டிலிருந்து பதினாறுவரை கரையில்: எலி வளை அடைப்பது, மதகுப் பலகை இறக்குவது, மண்கூடை, கூடவே சிலம்பம். பதினேழிலிருந்து ஒரு மூத்தவரோடு ஜோடி. அவருடைய ஈட்டியைச் சுமப்பதும், காயம் கட்டுவதும், அவர் விழுந்தால் ஊருக்குச் செய்தி கொண்டுபோவதும் இவன் பொறுப்பு.

இந்த ஜோடியில்தான் பேச்சு உயிரோடு வரும். செந்தமிழில் இருவரையும் முழங்க வைக்காதீர்கள்.

“இன்னாடா, செவலை படுத்துனுகீது? தண்ணி காட்னியா இல்லியா?”

“காட்டிட்டேண்ணா. கொள்ளு சரியா வேகல. அப்பால வெக்கலாம்னேன், பெரியண்ணன் கேக்கல.”

இரண்டே வரியில் யார் மூத்தவர், யார்மேல் தவறு, யார் பழி சுமக்கப்போகிறார் என்பது தெரிந்துவிடுகிறது. சபைக்குள் அண்ணன், பெரியண்ணன் என்றே விளிக்கட்டும். பட்டப்பெயர் வெளியார் முன்னால் மட்டும் போதும்.

பட்டம் சூட்டும்போது கவனம் தேவை. ஏனாதி என்ற பழைய பட்டத்தோடு மோதிரமும் கொடுத்தார்கள். படைத்தலைவனுக்கு அரசன் தரும் கௌரவம் அது. இப்படிக் கையில் தெரிகிற பொருளோடு சேர்ந்த பட்டம் கதைக்கு வலு சேர்க்கும். பழைய படைப்பட்டங்கள் பலவும் இன்று சமூகப் பெயர்களாகப் புழங்குகின்றன. தெரியாமல் ஒன்றை எடுத்து வில்லனுக்குச் சூட்டினால் பக்கத்து வீட்டுக்காரரைப் புண்படுத்துவீர்கள். சந்தேகம் இருந்தால் வேலையைச் சொல்லும் புதுப்பெயர் வையுங்கள்: மதகுக்காரர், கலிங்குத்தலைவர்.

ஐந்தாம் படி: காப்புக் கட்டு

வாளால் தோளைத் தொடும் சடங்கை விட்டுவிடுங்கள், அது அந்த ஊருக்குச் சொந்தம். இந்த மண்ணில் ஒருவர் விரதத்துக்குள் நுழைவதைக் கையில் கட்டும் மஞ்சள் காப்பு சொல்லும். காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்டமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நடக்கும் திருவிழாவின் முடிவில் படுகளமும் தீமிதியும் வரும். ஒழுங்கு, நோன்பு, வலி, ஊர் சாட்சி எல்லாம் அதில் இருக்கின்றன.

கரைக்காவலர் சடங்கை இப்படி அமைக்கலாம். மாலையில் காப்பு. இரவு முழுக்கக் கரையில் தனியாக நடை. தூங்கினால் அடுத்த ஆண்டுதான். விடியலில் ஆற்று மணலில் வெறுங்கையால் ஊற்று தோண்டுதல். ஊறிய தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, கூத்தில் வேடதாரி திரைக்குப் பின்னிருந்து தன்னைத் தானே சொல்லிக்கொண்டு வருவதுபோல, விரித்த வேட்டிக்குப் பின்னால் நின்று தன் பெயர், தாய் பெயர், ஊர், சத்தியம் என்று உரக்கச் சொல்லுதல். வேட்டி விலகும்போது ஊர் முழுக்க அவன் முகத்தைப் பார்க்கிறது. அப்புறம் குடிக்கிறான். சின்னமாக நொச்சி. பழைய போர் இலக்கணத்தில் மதிலைக் காப்பவர் சூடும் பூ அது. ஏரிக்கரையும் ஒரு மதில்தானே.

ஆறாம் படி: கவசமும் ஆயுதமும்

முழுத் தகட்டுக் கவசம் 20–25 கிலோ. சங்கிலிச் சட்டை 10–15 கிலோ. உள்ளே திணிப்புத் துணி வேறு. கத்திரி வெயிலில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த உடுப்பில் வீரன் எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே மயங்கி விழுவான், இரும்பு தொட்ட இடம் கொப்பளிக்கும். பஞ்சு வைத்துத் தைத்த பருத்திச் சட்டை, மார்புக்கும் முன்கைக்கும் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தடித்த தோல், தலைக்குப் பாகையின் உள்ளே இரும்புக் குல்லா, கையில் கேடயம். இவ்வளவு போதும். சண்டைகளைக் காலை பத்து மணிக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும் வையுங்கள். நடுப்பகல் சண்டை வேண்டுமென்றால் அது யாரோ செய்த பிழையாக இருக்கட்டும்.

ஆயுதத்தில் முதலிடம் ஈட்டிக்கு. வாள் ஒன்றேகால் கிலோ அளவில் இருக்கும். புதியவர்கள் நினைப்பதுபோல ஐந்து கிலோ கிடையாது. மண்வெட்டியையும் ஆயுதப் பட்டியலில் சேருங்கள், இந்தச் சபைக்கு அதுவே பழமையானது. தலைவனை யானைமேல் ஏற்றும் முன் தக்கோலத்தை நினையுங்கள். 949இல் அங்கே சோழ இளவரசன் இராசாதித்தன் யானை மேலிருந்தபடியே மாண்டான். உயரத்தில் இருப்பவன் தன் படைக்குத் தெரிவதுபோல எதிரிக்கும் தெரிவான். அவன் விழுந்ததும் படை கலைந்துவிடும்.

சீருடையை மாற்றும் காட்சி எழுதுவதாக இருந்தால், 1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் நடந்ததைப் படித்துவிட்டு எழுதுங்கள். தோல் வைத்த புதுவகைத் தலைப்பாகை, நெற்றிக்குறியும் காதணியும் கூடாதென்ற ஆணை, தாடி மழிக்கும் கட்டளை. சிப்பாய்கள் எழுந்ததற்கு உடனடிக் காரணங்கள் இவை. உடம்பில் அணிகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக் கதை உண்டு. நொச்சிக்குப் பதிலாக அரண்மனை முத்திரையை அணியச் சொன்னால் கரைக்காவலரில் யார் மறுப்பார் என்பதை இப்போதே குறித்துவையுங்கள்.

ஏழாம் படி: முதல் நடுகல்

உலகம் உண்மையாக நிற்கிறதா என்று சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை. உங்கள் சபையில் முதலில் இறந்தவருக்குக் கல் நடுங்கள்.

செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் பொறித்த கல்வெட்டோடு நிற்கின்றன. பெரும்பாலானவை ஆநிரைச் சண்டையில், அதாவது மாட்டு மந்தைக்கான சண்டையில், மாண்டவர்களுக்கு. அவற்றின் வாசக அமைப்பு மிகக் கச்சிதம்: எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், என்ன நடந்தபோது, இன்னார் பட்டான் (மாண்டான்) கல். புகழுரை கிடையாது. செங்கத்துக்கு அருகே எடுத்தனூரில் உள்ள கல்லில் வீரனோடு அவன் நாயும் இருக்கிறது. பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லே சொல்கிறது. ஒரு நாயின் பெயரை ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கும் மேலாகக் கல் காத்து வைத்திருக்கிறது. உங்கள் சபை யாருடைய பெயரை இப்படிக் காக்கும்? சமைத்தவர் பெயரையும் வெட்டுமா?

தொல்காப்பியம் கல் நடுவதற்கு ஆறு நிலைகள் சொல்கிறது: தகுந்த கல்லைத் தேர்ந்து காண்பது காட்சி, அதை எடுத்துக்கொள்வது கால்கோள், நீராட்டுவது நீர்ப்படை, பிறகு நடுதல், படையல் இடும் பெரும்படை, கடைசியில் வாழ்த்தல். ஆறையும் ஆறு சிறு காட்சிகளாக எழுதிப் பாருங்கள். கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது இருவர் சண்டை போடட்டும். நீராட்டும்போது ஆற்றில் தண்ணீர் இல்லாமல் போகட்டும். அப்போது ஊற்று தோண்டுவது யார்? அந்த ஊற்று வருமா? இறந்தவரின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. உங்கள் 330 ஏக்கரில் எந்தத் துண்டு போகிறது, யார் முகம் சுளிக்கிறார் என்பதையும் எழுதுங்கள்.

கரைக்காவலரின் கல்லில் இப்படி இருக்கலாம்:

“கோட்டையார்க்கு ஏழாவது ஆண்டு. கலிங்குத்தலைவர் சேவகன், பந்தியில் வளர்ந்த மாரன், ஐப்பசி வெள்ளத்தில் படை கணவாய் போனபின் தனியே நின்று கரை அடைத்துப் பட்டான் கல். செவலையும் உடன் பட்டது.”

படை ஏன் அவனை விட்டுப் போனது, அவன் ஏன் போகவில்லை, குதிரை எப்படி உடைப்பில் இறங்கியது, கல்லை நட்டவர்களில் யாருக்கு மறுநாள் ஊற்று வரவில்லை. இந்த நான்குக்கும் பதிலைத் தனித்தாளில் எழுதிக்கொண்டு, மழை தொடங்கிய அந்த ஐப்பசி மாலையிலிருந்து முதல் அத்தியாயத்தை ஆரம்பியுங்கள்.